முனியப்பன் வூட்ல

ஈப்போவுக்குத் திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஒகேனக்கல் பார்த்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. தர்மபுரி ஜில்லாவில் ஐந்து நாள் சுற்றியும் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் பார்த்ததெல்லாம் முனியப்பன்கள். கல்லாய் உட்கார்ந்திருந்த முனியப்பன், பஞ்சர் ஒட்டிய முனியப்பன், என்னைக் கண்டதும் ஓட்டம் பிடித்த முனியப்பன். எதற்காக அத்தனை முனியப்பன்களைத் தேடினேன் என்று கேட்டால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை. நடந்தபோதே எனக்குத் தலை எது, வால் எது என்று புரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் அது. மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, நோட்டைப் பார்த்துப் பால்மரம் வெட்டுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடவேண்டும். ஆள் மாறி ஆள் 'வந்தேன்' என்று குரல் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன். பெயர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரை தர்மபுரியில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

என் தங்கை சரசு தர்மபுரியில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனுஷன். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது தந்தி வந்தது: 'சரசு ஆசுபத்திரியில். உடனே வரவும்.' எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான்தான் போகவேண்டும். போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம் தர்மபுரி பஸ் நிலையத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு. ஆனால் பின்னாலேயே மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே வெயில் யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்பதாகத் தெரியவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் ஒருவர், "ஆயாவுக்கு எடம் வுடுங்கப்பா!" என்று சத்தம் போட்டார். தோட்டத்தில் ஆயா என்றால் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஒரு கூட்டம் குழந்தைகளோடு யாரோ வருகிறாள் என்று நான் கால்களை மடக்கிக்கொண்டேன். ஏறியது வயதான ஓர் அம்மாள், தனியாக. அங்கேயே எனக்குப் பிடித்தது குழப்பம்.

சரசு இருந்தது ஒரு சின்னத் தனியார் ஆசுபத்திரி. கட்டிலில் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணே, பசியாறிட்டியா?" என்றாள். இத்தனை வருஷம் ஆகியும் மலேயாப் பேச்சு அவளை விடவில்லை. நான் அழுதுவிட்டேன். அழுததற்கு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்துச் சொன்னார்: "நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுக்கணும், வெள்ளிக்கிழமை காலையில. ரத்தம் நிறைய போகும். அவங்களுக்கு ஓ நெகட்டிவ். ஒரு பாட்டிலாவது கையில இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்."

"என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டினேன். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும், ஆனாலும் நீட்டினேன். சோதித்துப் பார்த்து, ஓ பாசிட்டிவ், ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் ரத்தம் ஒத்துவராதாம், தெருவில் போகிறவன் ரத்தம் ஒத்துவருமாம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆகாது என்றதும் எனக்குள் ஒரு மூலையில், அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாப்பிள்ளை சேலத்துக்கு ஓடினார், ரத்தம் தேடி. அங்கே கிடைக்காவிட்டால் பெங்களூர். நான் ஆசுபத்திரியில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை லேப்காரத் தம்பி ஒரு பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வேலைக்கு வந்து இரண்டு மாதந்தான் ஆகிறது. அவனுக்கு முன்னால் இருந்தவர் துபாய் போய்விட்டார். டாக்டரம்மாவும் புதுசு. ரத்தம் கொடுத்தவர்களின் பெயரைப் பழைய ஆள் அந்த நோட்டில் எழுதிவைத்திருந்தார். தேடிக்கொண்டே போனால் மூன்று இடத்தில் ஓ நெகட்டிவ். மூன்றிலும் ஒரே எழுத்து: 'முனியப்பன் வூட்ல, இண்டூர்.'

"வூட்ல என்றால்?"

"வீட்டுலன்னு எழுதியிருக்கார் சார். இந்த ஊர்ல வூடுன்னுதான் சொல்வாங்க" என்றான் தம்பி. அவன் ஊர் மதுரைப் பக்கம்.

சரிதான், விலாசம். இண்டூரில் முனியப்பன் வீட்டில் போய்க் கேட்கவேண்டும். நான் சந்தோஷத்தில் அந்தத் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்பவேண்டும்.

புதன்கிழமை காலை இண்டூர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டீக்கடை. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் டீயை ஆள் உயரத்துக்கு இழுப்பார்கள். இங்கேயும் இழுத்தார்கள், ஆனால் கிளாஸ் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. மூன்று குடித்தேன். பிறகு விசாரித்தேன்.

"எந்த முனியப்பனுங்க?" என்றார் கடைக்காரர். "கெணத்துமேட்டு முனியப்பனா, ட்ரைவர் முனியப்பனா, செவிட்டு முனியப்பனா? பெரியவரு கோயில்ல உக்காந்திருக்காரு, மீசை வச்சுக்கிட்டு. அவரா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விறைப்பாக, நோட்டில் இருந்தபடியே சொன்னேன்: "முனியப்பன் வூட்ல."

"அப்படிச் சொல்லுங்க! அதா போறாங்க பாருங்க."

அவர் கைகாட்டிய திக்கில் ஒரு பெண் தலையில் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் வீடுகள். அங்கே எங்கேயோ முனியப்பன் வீடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். 'போறாங்க' என்றாரே, வீடு எப்படிப் போகும் என்று ஒரு கணம் தோன்றியது. ஊருக்கு ஊர் ஒரு பேச்சு என்று விட்டுவிட்டேன்.

"முனியப்பன் இப்போது இருப்பாரா?"

"இந்நேரம் களி தின்னுக்கிட்டு இருப்பாருங்க."

களி தின்கிறான் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான், ஜெயில். "ஐயோ! எத்தனை வருஷமாக?" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து திங்கறாருங்க. நாங்க எல்லாருந்தான் திங்கறோம். கேவுரு வெளையற ஊர்ல வேற என்னாத்தத் திங்கறது?"

நல்லவேளை, கூடைக்காரப் பெண் அதற்குள் திரும்பி வந்து, "யாரு முனியப்பனத் தேடறது?" என்று கேட்டாள். நாற்பது வயது இருக்கும். கறுத்து, உறுதியாக, எதிரே நிற்பவரை அளவெடுக்கிற கண்களோடு இருந்தாள். முனியப்பனின் மனைவியாம். "வாங்க சார்" என்று முன்னால் நடந்தாள். கூடையில் புளி.

முனியப்பன் நிஜமாகவே களிதான் தின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, அடக்கமான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "ஐயா, நீங்கள் தர்மபுரியில் மூன்று தடவை ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டில் இருக்கிறது."

"நானுங்களா?" என்றார் அவர்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் கூடையை இறக்கிவைத்த சத்தத்தில் கோழி பறந்தது. "யாரு, இவரா? ரத்தமா? ஊசின்னாலே காத தூரம் ஓடற ஆளு இவரு! எவன் எழுதுனான் நோட்டுல? ஏனுங்க, மம்முட்டி புடிக்கற மனுசன் ரத்தத்தக் குடுத்துட்டு வூட்ல படுத்துக்கிட்டா யாருங்க காட்டுக்குப் போறது?" என்று ஒரு பிடி பிடித்தாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. முனியப்பனைப் பெற்ற அம்மாளும் உள்ளேயிருந்து வந்து, "ரத்தத்த வெளிய குடுத்தா குடும்பத்துக்கு ஆவாதுடா!" என்று தன் பங்குக்குப் போட்டார்.

நான் ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றேன். தங்கை செத்துப்போவாள் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எத்தனாவது மாசங்க?" என்றாள் அந்த அம்மாள், குரலை இறக்கி.

"ஒன்பது."

"தல பிரசவமா?"

"மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை."

"எந்த ஆசுபத்திரி? என்னைக்கு ஆபரேசன்?" எல்லாவற்றையும் கேட்டாள். கிராமத்தில் வம்பு கேட்பது வழக்கம் என்று நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன். முனியப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தரையைப் பார்த்தபடி: "அவ்ளோ ரத்தம் எடுத்தா ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" அவருக்குப் பயம் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் எனக்கும் ஒரு உருண்டை களி போட்டு, அவரைக்கொட்டைச் சாறு ஊற்றினாள். மென்று தின்ன ஆரம்பித்தேன். "மெல்லக்கூடாதுங்க, முழுங்கணும்" என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். முழுங்கினேன். நெஞ்சில் நின்றது, பிறகு இறங்கியது. சாயங்காலம்வரை பசிக்கவே இல்லை.

"சார், இந்த முனியப்பன் இல்ல" என்றாள் கடைசியாக. "அதியமான்கோட்டையில ஒரு முனியப்பன் இருக்கறான், பஞ்சர் கடை. ஏரியூர்ல ஒருத்தன் இருக்கறான். அவங்களப் போய்ப் பாருங்க. மனசத் தளர வுடாதீங்க, கெடைக்கும்."

'இண்டூர் என்று எழுதியிருக்கிறதே அம்மா' என்று கேட்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை வருஷம் பெரட்டில் பெயர் கூப்பிட்டவன். கிணத்துமேட்டு, ட்ரைவர், செவிட்டு முனியப்பன்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் அன்றே போனேன். ட்ரைவர் பம்பாய் போயிருந்தார். செவிட்டு முனியப்பன், 'ரத்தம்' என்று நான் கத்தியதை 'மொத்தம்' என்று கேட்டு, மொத்தம் ஆறு பிள்ளைகள் என்றார். பொழுதோடு தர்மபுரிக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை அதியமான்கோட்டை. பஞ்சர் கடை முனியப்பன் ரோட்டோரம் லாரி டயர்களுக்கு நடுவில் இருந்தார். பாதி சொல்லும்போதே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க போலாம்." நீங்கள்தானா அந்த ஆள் என்று கேட்டேன். "தெரியலீங்க. நான் குடுத்ததே இல்ல. ஆனா பேரு முனியப்பன்தானே?" என்று ஒரு லாரியை நிறுத்தி, என்னையும் ஏற்றி, ஆசுபத்திரிக்கு வந்தே விட்டார். சோதித்தால் பி பாசிட்டிவ்.

"சேராதா? சரி, வந்தது வந்துட்டேன். எடுத்து வையுங்க, வேற யாருக்காச்சும் ஆவும்" என்றார். எடுத்து வைக்க இங்கே வசதி இல்லை என்று லேப்காரத் தம்பி சொன்னதற்கு அவர் முகம் வாடியதே, அந்த வாட்டத்தை என்னவென்று சொல்வது! பெயரையும் குரூப்பையும் நோட்டில் எழுதச் சொல்லி, சரியாக எழுதியிருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். படிக்கத் தெரியாதவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அதே மத்தியானம் ஏரியூர் பஸ். பஸ்ஸிலும் முனியப்பனை விசாரித்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் விசில் ஊதியதும் ஆண்கள் எல்லாரும் பழகியவர்கள் மாதிரி இறங்கித் தள்ளினோம். எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்த இருவர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "பேண்ட்டு சட்ட போட்டுக்கிட்டு ஆம்பளைங்க பேரைக் கேட்டுக்கிட்டே வர்றான், குடும்பக் கட்டுப்பாட்டு ஆளேதான். இவன் கண்ணுல படாம போயிடணும், அப்படீங்கறாங்க சார்."

ஏரியூரில் நான் இறங்குவதற்கு முன்பே செய்தி இறங்கிவிட்டது. முனியப்பன் என்று ஒருவரும் அந்த ஊரில் இல்லை, என்றுமே இருந்ததில்லை. ஒரு கடையில் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ உள்ளேயிருந்து, "முனியப்பா, ஓடிரு!" என்றார்கள். பின்பக்கமாக ஒரு ஆள் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு கடலைக்காட்டில் பாய்ந்தான். "ஐயா, ரத்தந்தான் ஐயா வேண்டும்!" என்று நான் கத்தினேன். அதைக் கேட்டபின் அவன் இன்னும் வேகமாக ஓடினான்.

அந்தக் காட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கோபம், அழுகை, சிரிப்பு மூன்றும் சேர்ந்து வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் ஆசுபத்திரிக்கு வந்தால் மாப்பிள்ளையிடமிருந்து ட்ரங்க் கால் வந்திருந்தது. சேலத்தில் இல்லை, பெங்களூர் போகிறார். சரசு என்னைப் பார்த்து, "கெடைச்சுதாண்ணே?" என்றாள்.

"கிடைச்சாச்சு. காலையில வர்றார்" என்றேன்.

"அவரு பேரு?"

"முனியப்பன்."

அவள் கட்டிலில் படுத்தபடியே கைகூப்பினாள். நான் சொன்ன பொய்க்கு அவள் கும்பிட்டாள். வெளியே வந்து பைப்படியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆசுபத்திரி வாசலில் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெள்ளைத் தொப்பி வைத்த பாய். பக்கத்தில் புளிக்கூடையோடு, இண்டூர் முனியப்பன் மனைவி. புருஷன் மேல் வீண்பழி போட்டதற்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"முனியப்பன் வரலையா அம்மா?" என்றேன், பல்லைக் காட்டி.

"அவரு எதுக்குங்க?" என்றாள்.

பாய் எழுந்து நின்று என் கையைப் பிடித்தார். ஆசுபத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருக்கிறாராம். "கவலப்படாதீங்க சார். முனியப்பன் வூட்ல வந்துட்டாங்க."

"யார் வந்தது? வீட்டிலிருந்து யார்?"

"வூட்ல சார், வூட்ல!"

"வீட்டில் யார் என்றுதானே கேட்கிறேன்!"

"அட, இவங்கதான் சார் முனியப்பன் வூட்ல!"

நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் 'வீட்ல சௌக்கியமா?' என்றுதான் பெண்டாட்டியைக் கேட்போம். 'எங்க வீட்ல கோவிச்சுக்குவாங்க' என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அது நோட்டில் மையால் எழுதப்பட்டதும் என் மூளைக்கு விலாசமாகிவிட்டது! டீக்கடைக்காரர் வீட்டைக் காட்டவில்லை, ஆளைத்தான் காட்டியிருக்கிறார். அதா போறாங்க என்று விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார். நான் அவள் தலைக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா! ஏரியூர்வரை நாயாக அலைந்தேனே!"

"எப்படிங்க சொல்றது? ஊரே வந்து நின்னுச்சு, எங்க மாமியா நின்னாங்க. உங்கள அங்கயே வுட்டா வெள்ளிக்கெழம வரைக்கும் கேட்டுக்கிட்டே நிப்பீங்க. அதான் தூரமா அனுப்பி வுட்டேன்" என்றாள், கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல்.

பாய்தான் மீதியைச் சொன்னார். அவர் மகளுக்கு இதே ஆசுபத்திரியில் பிரசவம். ரத்தம் இல்லை என்றதும் அவர் கடையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். புளி போட வந்த இவள், கடைப் பையன்களோடு தானும் வந்து கையை நீட்டியிருக்கிறாள். இவளுடையதுதான் சேர்ந்தது. பெயர் கேட்டபோது, பாய் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார் பழைய லேப்காரர். அதன்பிறகு இரண்டு தடவை, யார் என்றே தெரியாதவர்களுக்கு. புளி விற்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாளாம்.

லேப்காரத் தம்பி சோதித்துவிட்டு ஓடிவந்தான். அதே குரூப். ரத்தமும் நல்ல கெட்டியாம்.

கையில் ஊசி ஏறும்போது அவள் முகத்தைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன். "எதற்கம்மா இப்படிப் பயந்து பயந்து கொடுக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் முனியப்பனுக்குக் கெடா வெட்டறோம். அந்த ரத்தம் மண்ணுல போவுது, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. என் ரத்தத்த நான் ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுத்தா மட்டும் ஊரு கேக்குமுங்க" என்றாள். பிறகு, "குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாள்.

நோட்டில் எழுதும்போது, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள் அம்மா, சரியாகப் போடட்டும்" என்றேன். வேண்டாம், முன்னே இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சரசுவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. பாய் ஒரு மூலையில் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் போகாமல் உட்கார்ந்திருந்தாள். "புள்ள அழுவற சத்தத்தக் கேட்டுட்டுப் போறனுங்க." எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு யுகம். பிள்ளை அழுதது. டாக்டரம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, இருவரும் நன்றாயிருக்கிறார்கள் என்றார். "அந்த ஒரு பாட்டில் இல்லைன்னா நான் இப்ப வேற மாதிரி வந்து நின்னிருப்பேன்" என்றார். நான் அந்த அம்மாளின் காலில் விழப்போனேன். "அய்ய, என்னாங்க இது!" என்று கால்களைப் பெஞ்சுக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று வெளியே ஓடினேன். பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். முனியப்பன்!

கண்டுபிடித்துவிட்டார். இனி ரகளைதான். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். அதற்குள் அவரே கேட்டார்: "எங்கூட்ல நல்லா இருக்குதுங்களா? தல கில சுத்தலியே?"

"உங்களுக்கு... தெரியுமா?"

"மொத தடவையே தெரியுங்க. புளி விக்கப் போன பொம்பள முழங்கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு வந்தா தெரியாதுங்களா?" என்று சிரித்தார். "இன்னிக்கு விடிய மொத பஸ்ல ஏறுச்சு. நான் பின்னாலயே மிதிச்சுக்கிட்டு வந்துட்டேன். ரத்தம் குடுத்துட்டு பஸ்ல நின்னுக்கிட்டு வரக்கூடாது பாருங்க."

"அப்புறம் ஏன் ஐயா தெரியாத மாதிரி இருக்கிறீர்கள்? சொல்லிவிட வேண்டியதுதானே?"

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும்னு ஆயிப்போச்சுன்னா, நான் புருசன், வேணாம்னு சொல்லியாவணுங்க. எங்கம்மா கேப்பாங்க, ஊரு கேக்கும். தெரியலன்னா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அது பாட்டுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்க."

யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குச் சுத்தமாகக் குழம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கூடையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். புருஷனைக் கண்டதும் நின்றாள். முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள்.

"என்னா இந்தப் பக்கம்?"

"புண்ணாக்கு வாங்க வந்தேன்" என்றார் முனியப்பன். "நீ?"

"புளி விக்க."

"வித்துச்சா?"

"வித்துப்போச்சு."

தலைமேல் கூடை நிறையப் புளி. சைக்கிளில் புண்ணாக்கு ஒரு துண்டுகூட இல்லை. அவர் கூடையைப் பார்க்கவில்லை. அவள் சைக்கிளைப் பார்க்கவில்லை. நான் பன் பொட்டலத்தோடு நடுவில் நின்றேன். அவர் கூடையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஏறி மிதிக்கவில்லை. வெயிலில் அவளை உட்காரவைத்து, தள்ளிக்கொண்டே இண்டூர் ரோட்டில் நடந்தார்.